‘நாலஞ்சு’ என்றால் நாற்பத்தைந்து இல்லை

‘எண்ணை மட்டும் உள்ளிடவும்’ என்று திரையில் எழுதி வைக்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் தீரவில்லை. போன வாரம் தருமபுரம் அலுவலகத்துக்குச் சும்மா வந்திருந்தேன். உங்களில் ஒருவர் புதிதாகச் செய்த விளையாட்டை ஆடிப் பார்க்கச் சொன்னார். ‘எத்தனை மணி நேரம் காத்திருப்பீர்கள்?’ என்று அது கேட்டது. ‘ஒன்றரை’ என்று தட்டினேன். ‘எண்ணை மட்டும் உள்ளிடவும்’ என்றது. ஒன்றரை எண் இல்லாமல் வேறு என்ன? அங்கேயே கத்தியிருப்பேன். காப்பி கொடுத்து உபசரித்ததால் பேசாமல் வந்துவிட்டேன். கத்த வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நாம் செய்வது எழுத்தில் நடக்கும் கதை விளையாட்டு. படம் கிடையாது. திரையில் கதை வரும், ஆடுகிறவர் தனக்குத் தோன்றியதைத் தட்டுவார், அதை வைத்துக் கதை நகரும். நிரல் எழுதுவது என் வேலையாக இருந்ததில்லை. ஆடிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வதும், ஆடுகிறவர் தட்டியதைப் படித்து அவர் என்ன நினைத்துத் தட்டினார் என்று கண்டுபிடிப்பதும்தான் என் வேலை. இந்தத் தொழிலில் எல்லோரும் சொற்களைக் கண்டு பயப்படுகிறார்கள். எண்ணைப் பார்த்தால் மட்டும் இதில் என்ன இருக்கிறது என்று அலட்சியம். நான் பார்த்தவரை விளையாட்டு அதிகமாக உடைந்தது எண்ணில்தான்.

ஒரு கதையில் ஆடுகிறவர் அரசலாற்றுப் பாலத்தின் முனையில் நிற்பார். பக்கத்தில் ஒரு பழக்காரர். ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று விளையாட்டு கேட்கும். ஒரு அம்மா ‘ஆறு’ என்று தட்டினார். அவருக்கு ஆற்றைப் பார்க்க வேண்டும். விளையாட்டு ஆறு வாழைப்பழத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டது. எத்தனை என்று கேட்டிருந்தால் ஆறு என்பது எண். என்ன என்று கேட்டிருந்தால் ஆறு ஆறுதான். கேட்டது என்ன கேள்வி என்று விளையாட்டுக்கே நினைவில்லை என்றால் பதிலைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொரு கதையில் களத்தில் நெல் அளக்கும் காட்சி. ‘இது எத்தனையாவது மரக்கால்?’ என்ற கேள்விக்குத் திருநள்ளாறு பக்கத்து ஆள் ஒருவர் ‘லாபம்’ என்று தட்டியிருந்தார். வெளியூரிலிருந்து வந்து எங்களிடம் சோதனை வேலை பார்த்தவர், கிண்டலுக்குத் தட்டியிருக்கிறார், விட்டுவிடலாம் என்றார். இங்கே நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. ஆக அந்த ஆள் கேட்ட கேள்விக்குச் சரியான எண்ணைச் சொல்லியிருக்கிறார். கிண்டல் செய்தது நாம்தான்.

இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது வேறு.

கடற்கரை ஊர்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் ஒரு விளையாட்டு கேட்டது. விளையாட்டு என்று சொன்னாலும் அது ஒரு பயிற்சி. கடலுக்குப் போன படகு திரும்ப வேண்டிய நேரத்துக்குத் திரும்பவில்லை. கரையில் இருக்கும் பெண் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்கிறாள். அங்கிருப்பவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பாகம் ஆழத்தில் வலை விடுவார்கள், கையில் எத்தனை கேன் தண்ணீர் இருக்கும். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், கடல் ஆழத்தை இங்கே அதில்தான் சொல்வார்கள். பதற்றத்தில் போனை எடுத்து அழுதுவிட்டு வைத்துவிடுகிறார்கள், ஒருமுறையாவது நிதானமாகப் பதில் சொல்லிப் பழகட்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

நிரல் எழுதியவர் இருதயராஜ். இன்றைக்கும் உங்களோடு இருக்கிறார், இதைப் படிப்பார், படிக்கட்டும். கெட்டிக்காரர். எண்களைச் சொல்லாகத் தட்டினாலும் ஏற்கும் நிரல் துண்டு ஒன்றை ஏற்கெனவே வேறொரு வேலைக்காக அவர் எழுதி வைத்திருந்தார். அது போன் நம்பர் வாங்குவதற்காக எழுதியது. ‘நாலு அஞ்சு ரெண்டு’ என்று வந்தால் 452 என்று ஒட்டிக்கொள்ளும். போன் நம்பருக்கு அது சரி. அதையே எடுத்து இதிலும் வைத்துவிட்டார். பழைய புதிர் விளையாட்டுகளின் வழக்கப்படி இன்னொன்றும் சேர்த்தார். மூன்று முறை தவறான பதில் சொன்னால் கதை முடிந்துவிடும்.

அலுவலகத்தில் எல்லோரும் ஆடிப் பார்த்தோம். எல்லோரும் 5 என்று தட்டினோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். ஒரு குறையும் தெரியவில்லை.

முதல் சோதனையைக் கிளிஞ்சல்மேட்டில் சமுதாயக் கூடத்தில் வைத்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் வளர்மதி. நாற்பது வயதுக்காரர், கணவருக்குச் சொந்தமாக ஃபைபர் படகு. மீன் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள் என்று மற்றவர்கள் மறுத்தபோது, வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அன்றைக்குக் காலையில் ஆண்கள் கடலில் இருந்தார்கள். அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் போனை வாங்கி வளர்மதிதான் முதலில் ஆடினார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ‘படகில் எத்தனை பேர் உள்ளனர்?’ என்று கேட்டது. அவர் ‘நாலஞ்சு’ என்று தட்டினார். ‘45 பேர் ஒரு படகில் செல்ல இயலாது. எண்ணை மட்டும் உள்ளிடவும்’ என்று வந்தது. அவர் குழம்பி, ‘நாலஞ்சு பேர்’ என்று தட்டினார். மறுபடியும் அதே நாற்பத்தைந்து. போனுக்குத்தான் காது கேட்கவில்லை என்பதுபோல ‘நாலு அஞ்சு பேர்’ என்று பிரித்துத் தட்டினார். உடனே திரையில் வந்தது: ‘தவறான தகவல். அழைப்பு துண்டிக்கப்பட்டது. படகு மூழ்கியது.’

காசியம்மாள் என்று ஒருவர், மீன் ஏலத்தில் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேசுகிறவர், கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று வளர்மதியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆம்பளைங்க கடல்ல கெடக்கறப்ப இந்தப் பேச்ச காதால கேக்க வெச்சுட்டியேடி. நல்லாருப்ப.”

மற்றவர்களும் போய்விட்டார்கள். வளர்மதி போனை என் கையில் கொடுத்தார். “என் புருசனக் கொன்னுட்டு எண்ணு கேக்குதுங்க இது” என்றார். கோபம்கூட இல்லாமல், விலை சொல்வதுபோலச் சொன்னார்.

படகுகள் எல்லாம் மத்தியானம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. அதனால் ஒன்றும் மாறவில்லை. மாலையில் வளர்மதி எனக்குப் போன் செய்தார். காசியம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம். இவர் எல்லோரிடமும் மன்னிப்பு கேட்டு, நாளைக் காலை ஒரே ஒருமுறை வந்து பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறாராம். பாதிப் பேர் வருவார்கள் போலிருக்கிறது.

“நாளைக்கும் படகு முழுகுச்சுன்னா நான் தெருவுல தலகாட்ட முடியாதுங்க அக்கா. பாத்துச் செய்ங்க” என்றார்.

நான் மேலாளரையும் இருதயராஜையும் உட்கார வைத்தேன். இருதயராஜ் ஏற்கெனவே குறையைக் கண்டுபிடித்திருந்தார். போன் நம்பர் போல ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

“முதல் எண்ண மட்டும் எடுத்துக்கறேங்க்கா. ரெண்டு வரி வேலை. நாலஞ்சுன்னா நாலு. நாளைக்கு ஓடும்” என்றார்.

மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடும் என்ற சொல்லைக் கேட்டால் மேலாளர்களுக்கு வேறு எதுவும் காதில் விழாது. செய்துவிடுங்கள் என்று எழுந்தார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் முன்னால் ஓடுகிற தீர்வு இருந்தது. மறுநாள் காலையில் சோதனை. வளர்மதியின் மானம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எவரானாலும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. நாற்பத்தைந்து என்பது பைத்தியக்காரத்தனமான எண். அதனால்தான் மாட்டிக்கொண்டது. நாலு என்பது பார்த்தால் நல்ல எண்ணாகத் தெரியும். ஒருவருக்கும் சந்தேகம் வராது. தவறான எண் சரியான எண் மாதிரி உடுத்திக்கொண்டு வருவதைவிட மோசமானது நம் வேலையில் இல்லை.

அந்த அஞ்சாவது ஆள் எங்கே போனார் என்று கேட்டேன்.

“எந்த அஞ்சாவது ஆள்?” என்றார் மேலாளர்.

“நாலஞ்சுன்னு சொன்னாங்கல்ல. நாலுன்னு எழுதிட்டோம். நாலு பேரக் கண்டுபிடிச்சுட்டா தேடப் போன கப்பல் திரும்பிடும். அஞ்சாவது ஆள் தண்ணியில கெடப்பாரு.”

விளையாட்டில்தானே என்றார் அவர். இது விளையாட்டு என்றால் அவர்களிடம் எதற்குப் பயிற்சி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்படியானால் தட்டவே விடாமல், ஒன்றிலிருந்து பத்துவரை பொத்தான் வைத்துவிடலாம், ஒன்றை அழுத்தட்டும் என்றார். அதுதான் இன்னும் மோசம் என்றேன். பொத்தான் வைத்தால் அந்தம்மா நாலையோ அஞ்சையோ அழுத்துவார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பழகுவார். நிஜமாகப் படகு வராத அன்றைக்கும் கண்ட்ரோல் ரூமில் அதையே செய்வார். நாம் சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்வார்?

குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று பேரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர, நாலஞ்சு என்று தட்டியவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் போனை எடுத்து வளர்மதியைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தேன். ஏன் நாலஞ்சு என்று சொன்னீர்கள், ஒரே எண்ணாகச் சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

“எப்படிங்க முடியும்? எங்க படகுல எப்பவும் நாலு பேரு. என் தம்பி செந்தில் ஒரு நாளைக்கு ஏறுவான், ஒரு நாளைக்கு ஏறமாட்டான். அவங்க விடியக்காலம் எறங்கறப்ப நான் கரைக்குப் போறதில்ல. அவன் ஏறுனானா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சதத்தான சொல்லணும்?”

இருதயராஜ் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “அப்ப நாலஞ்சுங்கறது தப்பான எண் இல்ல. எண்ணுக்குள்ள ஒரு ஆளு இருக்கான்” என்றார். அவர் கெட்டிக்காரர் என்று சொன்னேன் அல்லவா. கோபம் வந்தால் மறுத்துப் பேசுவார், விஷயம் புரிந்தால் உடனே விட்டுவிடுவார். இந்தக் குணம் என்னிடம் கிடையாது.

அவர் இரண்டையும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார். நாலஞ்சு, ரெண்டு மூணு, எட்டுப் பத்து, எது வந்தாலும் குறைந்தது இது, கூடினால் இது. எப்படிச் செய்தார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் விளையாட்டு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் எழுதினேன். போனில் ஒருவர் நாலஞ்சு பேர் என்று சொன்னால் மனுசன் என்ன கேட்பான்? அதைத்தான் எழுதினேன். ‘நாலு பேர் நிச்சயம்ங்களா? அஞ்சாவது யாருங்க?’ அதற்கு ஆடுகிறவர் எதைத் தட்டினாலும் சரி, ஆள் பெயராகவே எடுத்துக்கொண்டு, ‘சரிங்க, அஞ்சு பேர்னே தேடச் சொல்றேன். அவர் கரையில இருக்கறது தெரிஞ்சா உடனே சொல்லுங்க’ என்று அடுத்த கேள்விக்குப் போகும்.

மேலாளர் திரையில் பேச்சுத் தமிழ் வரக்கூடாது, மரியாதையாக இருக்காது என்றார். ‘உள்ளிடவும்’ என்பதில் என்ன மரியாதை இருக்கிறது என்று கேட்டேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று தவறுக்குப் படகு மூழ்குவதையும் எடுத்துவிட்டோம். தட்டத் தெரியாததற்காக ஆளைக் கொல்லாதீர்கள். கதைக்காக ஆள் சாக வேண்டுமென்றால் சாகட்டும், எழுதுங்கள். உங்கள் நிரலுக்குப் புரியவில்லை என்பதற்காக யாரும் சாகக் கூடாது.

மறுநாள் காலை அரைக்கூடம்கூட நிறையவில்லை. காசியம்மாள் வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை, வாசல் நிலைக்கு வெளியே கூடையோடு நின்றார். அன்றைக்கும் ஆண்கள் கடலில்தான். வேறு நாள் வைக்கலாமா என்று வளர்மதியிடம் கேட்டேன். வேண்டாம், இன்னொரு நாளைக்கு இவர்களைத் திரும்பக் கூப்பிட என்னால் ஆகாது என்றார். மற்றவர்கள் யாரும் போனைத் தொடவில்லை. அவரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எத்தனை பேர் என்று கேட்டது. வளர்மதி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘நாலஞ்சு’ என்று தட்டினார். இருதயராஜ் என் பக்கத்தில் நின்றார். ‘நாலு பேர் நிச்சயம்ங்களா? அஞ்சாவது யாருங்க?’ என்று வந்தது. வளர்மதி அதைச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்ற பெண் ஒருத்தி, “அட, கேக்குதே” என்றாள். வளர்மதி, ‘என் தம்பி செந்தில், ஏறினானா தெரியல’ என்று தட்டினார். அஞ்சு பேர் என்றே தேடச் சொல்வதாகவும், அவர் கரையில் இருப்பது தெரிந்தால் சொல்லும்படியும் பதில் வந்தது.

அவர் அதைப் படித்துவிட்டு, எங்கள் போனை மடியில் வைத்தார். இடுப்பில் செருகியிருந்த தன் சொந்தப் போனை எடுத்தார். தம்பியைக் கூப்பிட்டார். இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

“டேய், எங்கடா இருக்க?”

பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் இருக்கிறான் என்பது எங்களுக்கே கேட்டது.

“ஏறலன்னா ஏறலன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கக் கூடாது? இங்க ஒன்னையும் சேத்துத் தேடிக்கிட்டிருக்காங்க.”

யார் தேடுகிறார்கள் என்று அவன் கேட்டிருக்க வேண்டும்.

“கண்ட்ரோல் ரூம்லேர்ந்து.”

போலீஸ் என்று நினைத்துவிட்டான் போல. “நான் ஒண்ணும் பண்ணலக்கா” என்று அவன் அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். வளர்மதி சிரிக்கவில்லை. இனிமேல் ஏறினாலும் ஏறாவிட்டாலும் விடிவதற்குள் எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தார். வைத்த பிறகு, தன் பிள்ளையும் இப்படித்தான் சொல்லாமல் ஏறுகிறான் என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி தானும் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள்.

வளர்மதி எங்கள் போனை எடுத்து, ‘நாலுதான், அவன் டீக்கடையில இருக்கான்’ என்று தட்டினார். இதற்குள் விளையாட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தது. எத்தனை பாகம் ஆழத்தில் வலை விடுவார்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது. ‘நாலு பாகம். சரிங்க, குறிச்சுக்கிட்டேன்’ என்று பதில் வந்தது.

இருதயராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டார். தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, சொன்னால் வாங்கிக்கொள்ள வழி வைக்கவில்லை. முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

வளர்மதி அதையும் சத்தமாகப் படித்தார். வாசலில் ஒரு சத்தம் கேட்டது. காசியம்மாள் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தார்.

“நாலு பாகமா? நாலு பாகத்துல கரையோரமா நின்னா நான் இங்கேருந்தே கூப்புட்டுருவேனே, இந்தக் கண்ட்ரோல் ரூமுக்காரனுக்கு எதுக்குப் போனு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கூட்டத்தை விலக்கி வளர்மதியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டினார்.

“குடுடி இங்க. அவனுக்கு நான் சொல்றேன்.”